பழைய ஜீப்பும் நெடுஞ்சாலைக் கியரும்: வாசகர் கேள்வி – பதில்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் இம்முறை பெரும்பாலானவை ஒரே விடயத்தையே கேட்கின்றன. வயலுக்கும் காட்டுப் பாதைக்குமென வாங்கிய பழைய ஃபோர் வீல் ஜீப்பை நீண்ட பயணத்துக்கும் ஏற்றதாக மாற்ற முடியுமா என்பதே அது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர், கொட்டிலில் நின்ற ஜீப்புகள் பலவற்றுக்கு மறுபடியும் வேலை வந்தது. ஆகையால் இம்மாதப் பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கியுள்ளேன்.

கேள்வி: ஐயா, என்னிடம் இருப்பது சீரிஸ் 3 லாண்ட் ரோவர், முன், பின் அச்சுகளுக்கு இடைத்தூரம் 109 அங்குலமான நீள வகை டீசல் ஜீப். தகப்பனார் காலத்திலிருந்து வட்டைக்கு விதைநெல்லும் உரமும் ஏற்றவும், அறுவடைக் காலத்தில் நெல் மூட்டைகளை வெளியே கொண்டுவரவும் இதையே பாவிக்கிறோம். மகள் பேராதனையில் படிப்பதால் இப்போது மாதத்தில் ஒரு முறையாவது மகாஓயா, மகியங்கனை வழியாகக் கண்டிக்குப் போய்வர வேண்டியுள்ளது. மணிக்கு 70 கிலோமீற்றரைத் தொட்டதும் எஞ்சின் அலறுகிறது. பக்கத்தில் இருப்பவருடன் பேச முடிவதில்லை. அச்சின் நடுவில் இருந்து சில்லுகளுக்குச் சுற்றைப் பிரித்துக் கொடுக்கும் டிபரன்சலை, முன், பின் இரண்டிலும் ரேஞ்ச் ரோவரில் உள்ள 3.54 விகிதத்துக்கு மாற்றிவிட்டால் கார் போல ஓடும் என்று கராஜில் சொல்கிறார்கள். மாற்றலாமா?
– வாசகர், கொக்கட்டிச்சோலை

பதில்: உங்கள் ஜீப்பில் டிபரன்சலை மாற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. நெடும் பயணத்துக்கு ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்றால், ஓவர்டிரைவ் எனும், வேண்டியபோது மட்டும் எஞ்சினின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியரைப் பூட்டுவதுதான் உங்கள் தேவைக்குப் பொருந்தும். அதுவும், முதலில் பிரேக்கையும் எஞ்சினையும் ஒழுங்குபடுத்திய பின்னரே செய்ய வேண்டியது. செலவு பெரிது என்பதால், நான் இவ்வாறு சொல்வதற்கான காரணங்களைக் கணக்கோடு விளக்குகிறேன்.

உங்கள் ஜீப்பில் எஞ்சினின் சுற்று சில்லைச் சென்றடைவதற்குள் மூன்று இடங்களைக் கடக்கிறது. முதலாவது கியர் பெட்டி. நான்காவது கியரில் இது எஞ்சினின் சுற்றைக் கூட்டாமலும் குறைக்காமலும் அப்படியே கடத்துகிறது. இரண்டாவது, அதன் பின்னால், சுற்றை முன், பின் அச்சுகளுக்கு அனுப்பும் ட்ரான்ஸ்பர் பெட்டி. இதில் சாதாரண ஓட்டத்துக்கு ஹை, பார இழுவைக்கு லோ என இரண்டு நிலைகள் உண்டு. ஹையில் இதன் விகிதம் 1.148. மூன்றாவது டிபரன்சல், இதன் விகிதம் 4.7. இவற்றைப் பெருக்கினால் சில்லு ஒரு முறை சுற்ற எஞ்சின் ஏறத்தாழ 5.4 முறை சுற்ற வேண்டும் என்பது தெரியும். 7.50–16 டயர் ஒரு சுற்றில் சுமார் 2.45 மீற்றர் தூரம் உருளும். ஆகவே மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2570 சுற்றும், 80 கிலோமீற்றரில் சுமார் 2940 சுற்றும் சுற்றுகிறது. இந்த 2.25 லீற்றர் டீசல் எஞ்சின் தன் முழு வலுவான 62 குதிரைவலுவைத் தருவது 4000 சுற்றில். எனவே 70இல் நீங்கள் கேட்கும் சத்தம் காதுக்குத் தொல்லையே ஒழிய, நல்ல நிலையில் உள்ள எஞ்சினுக்கு அது ஆபத்தான வேகம் அல்ல. நகர எல்லைக்கு வெளியே சட்டம் உங்களுக்கு அனுமதிப்பதும் அதே 70 கிலோமீற்றர்தான் என்பதை நினைவில் கொள்ளுங்கள். மணிக்கு 110இல் ஓட ஆசைப்படும் வெளிநாட்டவருக்காக எழுதப்பட்ட ஆலோசனைகளை நம்முடைய வீதிக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

டிபரன்சலை 3.54 ஆக்கினால் அதே 70இல் எஞ்சின் சுமார் 1935 சுற்றே சுற்றும். எண் மனதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த மாற்றம் நான்காவது கியருக்கு மட்டும் உரியதன்று. எல்லாக் கியர்களையும் லோவையும் சேர்த்தே அது நீட்டிவிடுகிறது. உங்கள் ஜீப்பில் லோவும் முதலாவது கியரும் போட்டிருக்கும்போது எஞ்சின் சுமார் 40.6 முறை சுற்றினால்தான் சில்லு ஒரு முறை சுற்றும். மாற்றிய பின்னர் அது 30.6 ஆகக் குறையும், அதாவது இழுவையில் நான்கில் ஒரு பங்கு போய்விடும். ஈரம் காயாத வயலிலிருந்து, மூட்டை ஏற்றிய ட்ரெயிலருடன் வரம்பைத் தாண்டி வாய்க்கால் கட்டில் ஏறும் அந்த ஐந்து மீற்றரை எண்ணிப் பாருங்கள். இப்போது கிளட்சை முழுதாக விட்டுவிட்டு எஞ்சினின் இழுவையிலேயே ஊர்ந்து ஏறுகிறீர்கள். டிபரன்சலை மாற்றிய பின்னரோ கிளட்சைப் பாதி மிதித்தபடி ஏற வேண்டியிருக்கும். சிறுபோகம், பெரும்போகம் இரண்டிலும் அப்படி ஓடினால் கிளட்ச் தகடு கருகிவிடும்.

வீதியிலும் நீங்கள் நினைப்பது போல நடக்காது. செங்கலடிச் சந்தியிலிருந்து மகாஓயா வரை வீதி பெரும்பாலும் சமமானது; அங்கே 3.54 நன்றாகவே ஓடும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று மேற்கிலிருந்து வீசும்போது, மேற்கு நோக்கிப் போகும் இந்தப் பெட்டி போன்ற வாகனத்துக்கு நான்காவது கியர் கனக்கத் தொடங்கும். நீங்கள் மூன்றுக்கு இறக்குவீர்கள். எஞ்சின் மறுபடியும் முன்னர் இருந்த சுற்றையும் தாண்டிப் போகும். மகியங்கனையைக் கடந்து பதினெட்டு வளைவில் ஏறும்போது இன்னும் ஒரு கியர் கீழே போக வேண்டியிருக்கும். திரும்பி வரும்போது அதே வளைவுகளில் எஞ்சினின் பிடிப்பைக் கொண்டு இறங்குவதே இந்த ஜீப்பின் பெரும் பாதுகாப்பு. நான்கு சில்லிலும் டிரம் பிரேக் கொண்ட, ஒன்றரை தொன்னுக்கு மேல் நிறையுள்ள வாகனத்தில் அந்தப் பிடிப்பையும் குறைத்துக்கொள்வதை என்னால் ஒருபோதும் பரிந்துரைக்க முடியாது.

இவற்றுக்கு மேலாக ஒரு தடையும் உள்ளது. உங்கள் 109இல் முன் அச்சு ரோவர் வகை, பின் அச்சு சாலிஸ்பரி வகை. ரோவர் வகையில் டிபரன்சல் முழுவதும் ஒரே கட்டாகக் கழன்று வரும். அதே அளவுள்ள மற்றொன்றை அந்த இடத்தில் வைத்துப் பூட்டலாம். சாலிஸ்பரியில் அவ்வாறு கழற்ற முடியாது. கிரவுன் வீல், பினியன் எனும் இரு பற்சக்கரங்களும் அச்சின் கூட்டுக்குள்ளேயே அமர்ந்திருக்கின்றன. கூட்டைச் சற்று விரித்து, மெல்லிய தகடுகளை இட்டு, பல்லுக்குப் பல் படியும் இடத்தைச் சாயம் பூசிப் பார்த்து அமைக்க வேண்டும். கைதேர்ந்தவர் அல்லாத ஒருவர் அதில் கைவைத்தால் சில நூறு கிலோமீற்றருக்குள் பின்னாலிருந்து ஊளைச் சத்தம் கேட்கத் தொடங்கும். கராஜில் இருப்பவரிடம் பின் அச்சை எவ்வாறு மாற்றப் போகிறார் என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் ஜீப்பை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

இனி ஓவர்டிரைவுக்கு வருவோம். சீரிஸ் ஜீப்புகளுக்கென ஃபேரி நிறுவனம் செய்த ஓவர்டிரைவ், ட்ரான்ஸ்பர் பெட்டியின் பின்புறம் உள்ள மூடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பூட்டப்படுவது. ஜீப்பைக் கூறுபோட வேண்டிய தேவை இல்லை. அதன் விகிதம் 0.782, அதாவது நெம்பைப் போட்டால் 70இல் உங்கள் 2570 சுற்று சுமார் 2010 ஆக இறங்கும். 3.54 டிபரன்சல் தருவதற்கு ஏறத்தாழ அதே பலன். வேறுபாடு என்னவென்றால், நெம்பை எடுத்தவுடன் ஜீப் தன் பழைய இழுவைக்குத் திரும்பிவிடுகிறது. வட்டைக்குள் இறங்கும்போது உங்கள் தகப்பனார் ஓட்டிய அதே ஜீப். செங்கலடியைத் தாண்டியதும் வேறொரு ஜீப். மூன்றாவது கியரில் ஓவர்டிரைவைப் போட்டால், மூன்றுக்கும் நான்குக்கும் இடையே ஒரு கியர் கூடுதலாகக் கிடைக்கும். கச்சானுக்கு எதிராக ஓடும்போது அது மிகவும் உதவும்.

அதைப் பாவிப்பதற்குச் சில ஒழுங்குகள் உண்டு. முதலாவது, இரண்டாவது கியர்களிலும் லோவில் பாரம் இழுக்கும்போதும் அதைப் போடக் கூடாது. இறக்கம் தொடங்கும் முன்பே எடுத்துவிட வேண்டும். அதற்குள் கொள்ளும் ஒயில் மிகக் குறைவு என்பதால் சிறு கசிவும் அதைக் கொன்றுவிடும். பழுதான ஓவர்டிரைவ்களில் நான் கழற்றிப் பார்த்தவற்றில் அனேகமானவை உலர்ந்தே கிடந்தன. நீண்ட பயணத்துக்கு முதல்நாள் மாலையில், சமதரையில் நிறுத்தி ஒயில் மட்டத்தைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பழையதை வாங்குவதாயின் கையால் சுழற்றிப் பாருங்கள். கரகரப்பு இருந்தாலோ, ஒயிலில் மினுங்கும் துகள் இருந்தாலோ வேண்டாம். தண்ணீர்ப் பம்ப் போன்றவற்றை இயக்கப் பின்புறத்தில் பவர் டேக் ஓஃப் பூட்டியிருந்தால் அதுவும் இதே இடத்தையே பிடிக்கும். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக ஒன்றைச் செய்யுங்கள். நல்ல வீதியில் 70இல் ஓட்டி, கிளட்சை மிதித்து, எஞ்சினை வெறும் சுழற்சிக்கு வரவிட்டுச் சத்தத்தைக் கேளுங்கள். சத்தம் அடங்கினால் அது எஞ்சினுடையது. அடங்காவிட்டால் அது டயரிலிருந்தோ, ட்ரான்ஸ்பர் பெட்டியிலிருந்து அச்சுக்குப் போகும் ப்ரொபெல்லர் ஷாப்டின் மூட்டிலிருந்தோ, தேய்ந்த பெயரிங்கிலிருந்தோ வருகிறது. கியரை எவ்வளவு உயர்த்தினாலும் அது போகாது. வயலுக்கான முரட்டுப் பட்டை டயருடன் தார் வீதியில் ஓடுபவர்கள் பலர் டயரின் இரைச்சலையே எஞ்சினின் அலறல் என்று எண்ணிவிடுகிறார்கள். கதவு ரப்பரையும் தரை மூடிகளின் இடைவெளிகளையும் சரிசெய்த ஒரு நண்பர், அதன்பின் கியரைப் பற்றிய பேச்சையே விட்டுவிட்டார்.

கேள்வி: எங்கள் 88 அங்குல சீரிஸ் 3இல் பின் டிபரன்சலை மட்டும் 3.54க்கு மாற்றினோம். முன்னதற்குக் கூலி அதிகம் என்றார்கள். ஃபோர் வீல் போடாமல் ஓடினால் பிழை இல்லைதானே?
– வாசகர், வாழைச்சேனை

பதில்: பிழைதான், உடனே சரிசெய்ய வேண்டிய பிழை. ரோவர் வகைப் பின் அச்சில் இரு பக்கமும் ஆறு ஆறு போல்ட்டைக் கழற்றி, டிபரன்சலிலிருந்து சில்லுக்குப் போகும் ஆக்சில் ஷாப்ட்டை இழுத்துவிட்டால், டிபரன்சலை வெளியே எடுத்துவிடலாம். முன் அச்சில் பிரேக்கையும் ஹப்பையும் திருப்பு மூட்டையும் பிரித்தால்தான் ஷாப்ட் வெளியே வரும். கூலி அதிகம் என்பது உண்மை. அதற்காக வேலையைப் பாதியில் விடுவது நியாயம் அல்ல.

ஃபோர் வீல் போடாமலே இருந்துவிடலாம் என்று எண்ணுகிறீர்கள். உங்கள் ஜீப்பில் மஞ்சள் நெம்பை அழுத்தினால்தான் ஹையில் ஃபோர் வீல் விழும் என்பது சரி. ஆனால் லோவுக்காகச் சிவப்பு நெம்பைப் பின்னால் இழுத்தவுடன் ஃபோர் வீல் தானாகவே விழுந்துவிடும். இரண்டு சில்லு லோ என்று ஒன்று இந்த ஜீப்பில் இல்லை. ஆகையால் இனி லோவையும் நீங்கள் தொட முடியாது.

தொட்டால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன்னர் நான் வாங்கிய ஒரு 88இல் பின் டிபரன்சல் மட்டும் மாற்றப்பட்டிருந்தது. விற்றவரும் சொல்லவில்லை, அதைப் பரிசோதித்துத் தந்த கராஜும் சொல்லவில்லை. மாரி காலம். கரடியனாற்றுக்கு அப்பால் ஒரு வாய்க்கால் கட்டில் சேறு இருந்ததால் சிவப்பு நெம்பை இழுத்தேன். சேற்றுக்குள் சில்லுகள் வழுக்கிக்கொண்டதால் ஒன்றும் தெரியவில்லை. கட்டு முடிந்து மதகின் கொங்கிறீற்றில் ஏறியதும் ஸ்டேரிங் கனத்தது, டயர்கள் கிறீச்சிட்டன. நெம்பை முன்னே தள்ளினேன், அசையவில்லை. பின்னால் சில அடி எடுத்திருந்தால் முறுக்கு இளகி நெம்பு வந்திருக்கும். எனக்கு அப்போது அது தெரியாது. இன்னும் கொஞ்சம் முன்னே போய்ப் பார்ப்போம் என்று அழுத்தினேன். அடியில் ஒரு வெடிச் சத்தம், ஜீப் நின்றுவிட்டது. மறுநாள் இழுத்து எடுத்த பின் ஆக்சில் ஷாப்ட்டின் நுனியில், நேராக இருக்க வேண்டிய பற்கள் தென்னங்கயிற்றின் புரிபோல முறுகியிருந்தன. அந்த முறுக்கின் அடியில்தான் அது முறிந்திருந்தது.

காரணம் எளிது. இரண்டு ப்ரொபெல்லர் ஷாப்டும் ஃபோர் வீலில் ஒரே வேகத்தில் சுற்றும். 4.7 உள்ள முன் சில்லு மூன்று மீற்றர் போக முயலும் நேரத்தில், 3.54 உள்ள பின் சில்லு நான்கு மீற்றர் போக முயலும். ஒரே ஜீப்பில் அது நடக்க முடியாததால், ஒன்று டயர் வழுக்க வேண்டும், அல்லது இடையில் உள்ள இரும்பு முறிய வேண்டும். முன் டிபரன்சலும் மாற்றப்படும் வரை, முன் ப்ரொபெல்லர் ஷாப்டைக் கழற்றி வைத்துவிட்டு ஓடுங்கள். அப்போது உங்களிடம் இருப்பது ஃபோர் வீல் ஜீப் அல்ல என்பதை வீட்டில் ஓட்டுகிற எல்லாரிடமும் சொல்லிவையுங்கள்.

கேள்வி: நான் அண்மையில் வாங்கிய பழைய ஜீப்பில் என்ன விகிதம் உள்ளது என்று யாருக்கும் தெரியவில்லை. கழற்றாமல் கண்டறிய வழி உண்டா?
– வாசகர், திருக்கோவில்

பதில்: உண்டு, ஒரு சோக்குத் துண்டும் இரண்டு பேரும் போதும். மேலே சொன்னது போன்ற ஏமாற்றத்துக்கு ஆளாகாதிருக்க, பழைய ஜீப் வாங்கும் ஒவ்வொருவரும் பணம் கொடுப்பதற்கு முன் இதைச் செய்ய வேண்டும்.

சமதரையில் நிறுத்தி, தரையில் நிற்கும் மூன்று சில்லுகளுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். இதில் அலட்சியம் வேண்டாம். லாண்ட் ரோவரின் கைப்பிரேக் சில்லைப் பிடிப்பதில்லை. ட்ரான்ஸ்பர் பெட்டிக்குப் பின்னால் ஷாப்டைத்தான் பிடிக்கிறது. ஒரு பின் சில்லை ஜாக்கில் தூக்கியதும், கைப்பிரேக் போட்டிருந்தாலும் ஜீப் உருளும். அடியில் படுத்திருந்தவர்கள் இதனால் நசுங்கியிருக்கிறார்கள். கட்டை வைத்த பின்னர் இரண்டு சில்லு ஓட்டத்தில், கியரை நியூட்ரலில் விட்டு, கைப்பிரேக்கையும் எடுத்துவிடுங்கள். அது போட்டிருந்தால் ஷாப்ட் சுற்றாது. ஒரு பின் சில்லை மட்டும் தூக்கி, அந்த டயரிலும் ப்ரொபெல்லர் ஷாப்டிலும் சோக்கினால் கோடு இடுங்கள். ஒருவர் சில்லை 20 முறை சுற்ற, மற்றவர் பக்கவாட்டில் தள்ளி நின்று ஷாப்டின் சுற்றை எண்ண வேண்டும். மற்றச் சில்லு தரையில் நிற்பதால், இந்தச் சில்லின் 20 சுற்று டிபரன்சலின் 10 சுற்றுக்குச் சமம். ஷாப்ட் 47 முறை சுற்றினால் விகிதம் 4.7, 35 முறையும் அரைக்குச் சற்றுக் குறைவாகவும் சுற்றினால் 3.54. முன்னேயும் இதையே செய்யுங்கள். முன் ஹப்பில், சில்லை ஷாப்டிலிருந்து விடுவிக்கும் ஃப்ரீ வீல் இருந்தால் முதலில் அதைப் பூட்ட வேண்டும். மிட்சுபிஷி, நிசான், டொயோட்டா எதுவாயினும் பூட்டு இல்லாத சாதாரண டிபரன்சலுக்கு இதே கணக்குத்தான்.

கேள்வி: டிபரன்சலில் கைவைக்காமல், 88 ஜீப்பின் 6.00–16 டயருக்குப் பதிலாக 7.50–16 போட்டால் போதாதா?
– வாசகர், பொத்துவில்

பதில்: ஓரளவுக்குப் போதும். 7.50 டயர் சுமார் பத்து சதவீதம் பெரிது. அந்த அளவுக்கு எஞ்சினின் சுற்று இறங்கும். உங்கள் டயரின் உண்மையான கணக்கை அறிய, டயரிலும் தரையிலும் ஒரு கோடு இட்டு, ஆள் ஏறிய ஜீப்பை ஒரு முழுச் சுற்று தள்ளி, நாடாவால் அளந்துகொள்ளுங்கள். புத்தகத்தில் உள்ள விட்டத்தைவிட அதுவே நம்பத்தகுந்தது.

ஆனால் பெரிய டயர் பிரேக்குக்கும் ஆக்சில் ஷாப்டுக்கும் கூடுதல் பாரம்; ஸ்டேரிங்கை முழுதாக ஒடித்தால் ஸ்பிரிங்கில் உரசவும் கூடும். நான்கையும் ஒன்றாகவே மாற்ற வேண்டும். பின்னால் மட்டும் பெரியது போடுவது, சற்றுமுன் வாழைச்சேனை வாசகருக்குச் சொன்ன முறுக்கையே சிறிய அளவில் உண்டாக்கும். பொத்துவிலில் மணலுக்குள் இறங்குவதற்கு 7.50 நல்ல டயர் என்பதால், உங்கள் இடத்தில் நானாக இருந்தாலும் இதைத்தான் முதலில் செய்து பார்ப்பேன்.

கேள்வி: டிஃபென்டர் 110, 200 டிடிஐ எஞ்சின், ஐந்து கியர். கொழும்புக்கு அடிக்கடி போகிறேன். டிஸ்கவரியின் ட்ரான்ஸ்பர் பெட்டியைப் போடலாம் என்கிறார்கள். சரியா?
– வாசகர், அம்பாறை

பதில்: சரி, இக்கடிதங்களில் நான் தயக்கமின்றி ஆம் என்று சொல்லக்கூடியது இது ஒன்றுதான். உங்கள் டிபரன்சல்கள் ஏற்கெனவே 3.54, அவற்றைத் தொட வேண்டாம். டிஃபென்டரின் எல்.டி.230 ட்ரான்ஸ்பர் பெட்டியில் ஹை 1.41; டிஸ்கவரியின் அதே வகைப் பெட்டியில் 1.22. தற்போது ஐந்தாவது கியரில் 80க்கு 2100 சுற்று ஓடுகிறது எனில், மாற்றிய பின் சுமார் 1820 ஓடும். இரண்டிலும் லோ ஒன்றே, 3.32. ஆகவே லோவின் இழுவையில் ஒன்றும் குறையாது. டர்போ பூட்டிய அந்த எஞ்சினுக்கு உயர்ந்த கியரை இழுக்கும் பலமும் உண்டு. வேகம் காட்டும் கேபிள் பெட்டியின் வெளிப்புறச் சுற்றிலிருந்து போவதால் மீற்றரும் பிழைக்காது. பெட்டியை வாங்கும்போது அதில் உள்ள இலக்கத்தை மட்டும் நம்பாமல், உள்ளே போகும் ஷாப்டையும் வெளியே வரும் ஷாப்டையும் சுற்றி எண்ணிப் பாருங்கள். உள்பாகங்கள் மாற்றப்பட்ட பெட்டிகள் சந்தையில் உள்ளன.

கேள்வி: சீரிஸ் ஜீப்பில் ஜப்பான் டீசல் எஞ்சினையும் ஐந்து கியர்ப் பெட்டியையும் சேர்த்துப் பூட்டுவது எப்படி?
– வாசகர், கல்முனை

பதில்: அது கியர் மாற்றம் அல்ல, வாகனத்தையே மாற்றுவது. எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் இருப்பதால், முதலில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் செய்ய வேண்டியதைக் கேட்டறிந்துவிட்டு அடுத்த அடியை வையுங்கள். பழைய டிரம் பிரேக்கோடு இரட்டிப்பு வலுவுள்ள எஞ்சினைப் பூட்டி ஓடுவதை நான் ஆதரிக்கமாட்டேன்.

கேள்வி: வயல் வேலை எதுவும் இல்லாத, கொழும்பு ஓட்டத்துக்கு மட்டும் வைத்திருக்கும் பெற்றோல் 88இல் இரண்டு டிபரன்சலையும் 3.54 ஆக்கிவிட்டேன். ஓட்டம் அருமை. ஆனால் வேகம் மெதுவாகக் காட்டுவது போலத் தெரிகிறது. பழுதா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: பழுது இல்லை, நீங்கள் செய்த மாற்றத்தின் விளைவு. உங்கள் ஓட்டத்துக்கு நீங்கள் செய்தது பொருத்தமான மாற்றமே. பெற்றோல் எஞ்சின், பாரம் இல்லை, சேறு இல்லை, இரண்டு அச்சும் ஒன்றுபோல. ஆனால் வேக மீற்றரின் கேபிள் ட்ரான்ஸ்பர் பெட்டியிலிருந்து, அதாவது டிபரன்சலுக்கு முன்னாலிருந்து போகிறது. டிபரன்சல் மாறிய செய்தி அதற்குத் தெரியாது. ஆகையால் நீங்கள் உண்மையில் 70இல் போகும்போது முள் சுமார் 53ஐயே காட்டும். முள் 70ஐக் காட்டும்போது நீங்கள் 93இல் போய்க்கொண்டிருப்பீர்கள். பொலிஸின் வேகக் கருவிக்கு முள் சொல்வது கணக்கில்லை, வளைவுக்கும் அப்படித்தான். ஓடிய தூரத்தையும் இதே விகிதத்தில் குறைத்துக் காட்டுவதால், ஒயில் மாற்றும் தவணையும் உங்களுக்குத் தெரியாமலே தள்ளிப்போகும். 5000 என்று மீற்றர் காட்டினால் ஓடியது 6600க்கு மேல்.

கேபிளின் இடையில் பூட்டும் சிறிய விகிதப் பெட்டியைச் செய்விக்கலாம், அல்லது மீற்றரையே திருத்தி எடுக்கலாம். அது முடியும் வரை, வாகன நெரிசல் இல்லாத அதிகாலையில் வீதியோரக் கிலோமீற்றர்க் கற்களைக் கொண்டு சரிபாருங்கள். ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு 51 வினாடி எடுத்தால் நீங்கள் போவது 70. பக்கத்தில் இருப்பவர் நேரத்தைப் பார்க்கட்டும், நீங்கள் வீதியைப் பாருங்கள். முள் நின்ற இடத்தை மனதில் வைத்து, நிறுத்திய பின் மீற்றரின் கண்ணாடியில் அந்த இடத்தில் ஒரு சிவப்புக் கோடு இடுங்கள். நகரத்துக்குள் 50க்கும் அவ்வாறே ஒரு கோடு இடுங்கள். அது சுமார் 38இல் விழும். ஜீப்பை இரவல் கேட்டு எடுத்துப் போகும் தம்பிமாருக்கும் அந்தக் கோடுகளின் பொருளைச் சாவி கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.